லயத்துக்கு இலக்கம் போடுவோம்

(மாத்தளை மாவட்டத் தோட்டத் தலைவர்கள், தலைவிமார் கூட்டத்தில் சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. அதற்கு முன் சுகாதாரக் குழு அரை மணித்தியாலம் கேட்டு வாங்கியிருக்கிறது. செய்மதியைப் பற்றியும், நோய் எங்கே வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் கணினி வரைபடத்தைப் பற்றியும் பேசப் போகிறோம். "லயத்துக் கூரை ஒழுகுது, இவங்க வானத்துல சுத்துறதப் பேச வந்துட்டாங்க" என்று பின்வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. கூரைக்கும் வருவோம். முதலில் ஒரு கானிலிருந்து தொடங்குகிறோம்.

எங்கள் மாவட்டத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். மூன்று டிவிசன். கீழ் டிவிசன் லயத்தில் இருந்த ஒரு தம்பி, மழை விட்ட வாரத்தில் கான் வெட்டப் போனார். சில நாள் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. இரண்டு நாள் பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார், பேர் விழாமல் போய்விடுமே என்று. அடுத்த நாள் கண் மஞ்சளாகிவிட்டது, சிறுநீர் போவது குறைந்துவிட்டது. வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். எலிக்காய்ச்சல். தம்பி பிழைத்துவிட்டார். வைத்தியசாலையும் தன் கடமையைச் செய்தது, அறிவித்தல் படிவம் போனது. அந்தப் படிவத்தில் முகவரி எழுதும் இடத்தில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். வந்தவர் போனது மேல் டிவிசனுக்கு, ஆபீஸ் இருக்கும் பக்கம். அங்கே அதே பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் காய்ச்சல் இல்லை. அவர் திரும்பிப் போய்விட்டார். பதினாறு நாள் கழித்து அதே கீழ் லயத்திலிருந்து, அதே கானில் இறங்கிய இன்னொருவர், மூன்று பிள்ளைகளின் தகப்பன், வைத்தியசாலைக்குப் போனார். அவர் திரும்பி வரவில்லை.

நாங்கள் விசாரித்துப் பார்த்தோம். படிவம் எழுதியவர் மேல் பெரிய பிழை இல்லை. பரிசோதகர் மேலும் இல்லை. அவருக்கு ஒரு பெரிய பிரதேசம், ஒரு மோட்டார் சைக்கிள். அவர் கையில் இருந்த முகவரியில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருந்தன. அந்தக் கீழ் லயம் எங்கே இருக்கிறது என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஒருவருடைய காய்ச்சல் எப்படி வரைபடத்துக்குப் போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். தெரிந்துகொண்டால்தான் எந்த இடத்தில் நாங்கள் விழுந்துபோகிறோம் என்பது புரியும். அறிவிக்க வேண்டிய நோய்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி எல்லாம் அதில் உண்டு. 1897ஆம் ஆண்டிலேயே வந்த தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நோயாளிக்குச் சிகிச்சை கொடுப்பவர் அதை அதிகாரிக்கு உடனே அறிவிக்க வேண்டும். அதற்கான படிவத்தின் இலக்கம் 544. இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, சந்தேகமே போதும். அந்தப் படிவம் நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரியிடம், நாங்கள் எம்.ஓ.எச். என்று சொல்பவரிடம், போகிறது. அவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வீட்டுக்கு அனுப்புகிறார். பரிசோதகர் 411ஆம் இலக்கப் படிவத்தை நிரப்புகிறார். பிறகு கிழமைக்கு ஒருமுறை 399ஆம் இலக்கத் திரட்டு கொழும்பில் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகிறது. அங்கே மாவட்டம் மாவட்டமாகக் கணக்கு வெளியாகிறது. நாட்டின் நோய் வரைபடம் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது இந்த மூன்று தாள்தான். முதல் தாளில் முகவரி பிழைத்தால், மேலே எவ்வளவு விலையுயர்ந்த கணினி இருந்தாலும் அது அந்தப் பிழையைத்தான் கலர் போட்டுக் காட்டும்.

இந்த வேலையின் தொடக்கமாக உலகம் முழுக்கச் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. 1854இல் லண்டனில் வாந்திபேதி. ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர், செத்தவர்கள் எந்தெந்த வீட்டில் இருந்தவர்கள் என்று தெரு வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டே போனார். கோடுகள் புரோட் ஸ்ட்ரீட் என்ற தெருவில் இருந்த ஒரு தண்ணீர்ப் பம்பியைச் சுற்றிக் குவிந்து கிடந்தன. செப்டெம்பர் 8ஆம் திகதி அந்தப் பம்பியின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அவருடைய திறமையை எல்லோரும் புகழ்கிறார்கள், புகழட்டும். எங்களுக்கு அதில் தென்படுவது வேறு. லண்டனில் ஏழை செத்தாலும் அவன் வீட்டுக்கு ஓர் இலக்கம் இருந்தது, மரணப் பதிவில் அந்த இலக்கம் இருந்தது. அதனால்தான் ஸ்னோவால் கோடு போட முடிந்தது. அவரை எங்கள் தோட்டம் ஒன்றுக்கு அழைத்து வந்திருந்தால் எல்லாக் கோட்டையும் ஆபீஸ் வாசலில்தான் போட்டிருப்பார்.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். 1934, 35இல் இலங்கையில் மலேரியா சுமார் 80,000 பேரைக் கொன்றது. அதிகம் அடிபட்டவை கேகாலை, குருநாகல் பக்கங்கள். அங்கே வழக்கமாக நல்ல மழை. அந்த வருடம் மழை பொய்த்தது, ஆறுகள் ஓடாமல் குட்டை குட்டையாகத் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் நுளம்புக்கு அந்தக் குட்டைகள்தான் தேவை. மழை பெய்தால் நோய், வெயில் அடித்தால் சுகம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறோம். ஒவ்வொரு நோய்க்கும் நிலத்தோடும் தண்ணீரோடும் தனியான உறவு இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தால்தான் முன்கூட்டிச் சொல்ல முடியும்.

அப்படிக் கண்டுபிடித்த வேலை ஒன்று எங்கள் மாவட்டத்துக்கு வடக்கே, அனுராதபுர மாவட்டத்தில், யான் ஓயாவின் மேற்பகுதிக் கிராமங்களில் நடந்தது. சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பேராசிரியர் பீலிக்ஸ் அமரசிங்கவும் அவரோடு இருந்தவர்களும், ஒவ்வொரு வீடும் ஓடையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தார்கள். நுளம்பு முட்டையிடும் ஓடையிலிருந்து 750 மீற்றருக்குள் இருந்தவர்களுக்குத்தான் மலேரியா ஆபத்து மிக அதிகம் என்று 2003இல் எழுதினார்கள். கிராமத்தின் பெயரை மட்டும் வைத்திருந்தால் அது தெரிந்திருக்காது. வீடு வீடாக அளந்ததால் தெரிந்தது. மருந்தும் வலையும் எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்ற கேள்விக்கு அது நேரான பதில். உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கைக்கு மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழைக் கொடுத்தது. அது ஒரு வரைபடத்தால் மட்டும் வந்ததில்லை. ஊர் ஊராகப் போய் இரத்தம் எடுத்த, மருந்தடித்த ஆட்களின் உழைப்பு அது. ஆனால் அவர்களை எங்கே அனுப்புவது என்பது தெரிந்திருந்தது.

2008இலிருந்து 2010 வரை பக்கத்து மாவட்டமான குருநாகலிலும், இந்தியாவில் சிவகங்கை மாவட்டத்திலும் ஒரே நேரத்தில் ஒரு பரீட்சார்த்த வேலை நடந்தது. சிவகங்கைச் சீமை என்றால் இங்கே பலருக்குப் பாட்டன் பூட்டன் ஊர். லேர்ன் ஏசியா நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யும் சர்வோதயமும் சேர்ந்து செய்தார்கள். வைத்தியசாலைக்கு வந்தவர்களின் நோய்க்குறிகளைக் கைத்தொலைபேசியில் உடனுக்குடன் பதிந்தார்கள். சிவகங்கைப் பக்கம் அதைக் கிராமச் சுகாதாரத் தாதிமார் செய்தார்கள், குருநாகலில் சர்வோதயத் தொண்டர்கள். எந்த ஊரில் எந்தக் குறி வழக்கத்தைவிடக் கூடுகிறது என்று கணினி தேடியது. பதிவில் பிழைகள் வந்தன, அதையும் மறைக்கவில்லை. சாதாரணக் கைத்தொலைபேசியோடு சாதாரண மனிதர்கள் செய்தார்கள் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 2009இல் கால்நடை வைத்தியர்களும் இதே மாதிரி ஜீ.பீ.எஸ். உள்ள கைத்தொலைபேசியால் மாடு, கோழி நோய்களை இடக்குறியோடு பதிந்தார்கள். மாட்டுக்குக் கூட அட்சரேகை தீர்க்கரேகை கிடைத்துவிட்டது.

இப்போது எங்கள் மாவட்டம். 2008இல் நாட்டில் எலிக்காய்ச்சல் பெரிதாகப் பரவி, 7,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டபோது, கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. எலி, மாடு, நாய் இவற்றின் சிறுநீரிலிருந்து கிருமி தண்ணீருக்கும் சேற்றுக்கும் வருகிறது. காலில் இருக்கும் சின்ன வெடிப்பு போதும் உள்ளே போக. வயலில் இறங்குபவருக்கு வரும் நோய் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கான் வெட்டுபவருக்கும், ஓடையோரம் புல்லறுப்பவருக்கும், தோட்டத்தில் பேர் இல்லாத நாளில் கிராமத்து வயலுக்குக் கைக்காசுக்குப் போகிறவருக்கும் அதே சேறுதான். கிருமி உடம்புக்குள் போய்ப் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமையில் காய்ச்சல் காட்டும். இதற்கு முன்தடுப்பு மருந்து இருக்கிறது. டொக்சிசைக்ளின் என்ற மாத்திரை, கிழமைக்கு ஒருமுறை. சேற்றில் இறங்குகிறவர்களுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் இலவசமாகக் கொடுக்கிறார்கள். யாருக்கு எப்போது கொடுப்பது என்பதுதான் கேள்வி.

அந்த 'எப்போது' என்ற பாதிக்குச் செய்மதி உதவும். மேகத்துக்கு மேலிருந்து மழையை அளக்கும் செய்மதிகள் இருக்கின்றன. மேகத்தையும் இருட்டையும் ஊடுருவி, தரையில் எங்கே வெள்ளம் நிற்கிறது என்று ரேடார் மூலம் காட்டும் ஐரோப்பியச் செய்மதி இருக்கிறது. இவற்றோடு பழைய வருடங்களின் நோய்க் கணக்கைச் சேர்த்தால், இத்தனை மழைக்குப் பின் இத்தனை கிழமையில் நோய் கூடுகிறது என்ற ஒழுங்கு தெரியும். கண்டியில் வைத்தியர் எஹெலபொலவின் குழு 2003இலிருந்து 2012 வரையான டெங்குக் கணக்கையும் காலநிலைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. மழை பெய்த உடனே டெங்கு கூடுவதில்லை, சில கிழமை கழித்துத்தான் கூடும். அந்தச் சில கிழமைதான் எங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். டயரைக் கவிழ்க்கலாம், மாத்திரை வாங்கலாம், வேலைக்கு பூட்ஸ் கேட்கலாம்.

'யாருக்கு' என்ற மறுபாதியைச் செய்மதி சொல்லாது. மழையை அளக்கும் செய்மதியின் ஒரு கட்டம் சுமார் 10 கிலோமீற்றர். எங்கள் மாவட்டம் உங்களுக்குத் தெரியும். தம்புள்ளை, கலேவெல பக்கம் காய்ந்து கிடக்கும், அதே நாளில் ரத்தொட்டை, கம்மடுவை, லக்கலை மலைகளில் கொட்டும். மாவட்டச் சராசரி என்று ஓர் எண்ணைச் சொன்னால் அது இரண்டு பக்கத்துக்கும் பொய். இன்னும் கீழே இறங்கினால், ஒரே தோட்டத்தில் மேல் லயத்துக்குப் பீலித் தண்ணீர், கீழ் லயத்துக்கு அந்தப் பீலியின் கழிவு. இதைத் தெரிந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருப்பவர்கள்தான்.

கணக்கு எப்படி எங்களை மறைக்கிறது என்பதற்கு ஒரு பேச்சுக்குச் சொல்கிறோம். ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவில் 2,000 பேர் என்று வையுங்கள். அதில் 200 பேர் ஒரு தோட்ட டிவிசனில். அந்த டிவிசனில் 6 பேருக்குக் காய்ச்சல், மற்றக் கிராமத்தில் யாருக்கும் இல்லை. பிரிவின் கணக்கில் அது ஆயிரத்துக்கு 3, வரைபடத்தில் வெளிர்மஞ்சள். டிவிசனை மட்டும் எடுத்தால் ஆயிரத்துக்கு 30, கடுஞ்சிவப்பு. ஆள் அதே ஆள், காய்ச்சல் அதே காய்ச்சல். கோட்டை எங்கே போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து நிறம் மாறிவிடுகிறது.

நோயையும் எங்களையும் சேர்த்துக் கணக்கெடுத்தது இந்த மாவட்டத்தில் புதிதில்லை. எங்கள் முன்னோர் மன்னாரில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, நாலந்தை கடந்து நடந்து வந்து சேர்ந்த இடம் மாத்தளை. வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்களுக்குப் பெயரும் இல்லை, குழியும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நோய்க்குப் பயந்து அந்தப் பாதையையே மூடி, ஆட்களைக் கப்பலில் கொழும்புக்குக் கொண்டு வந்து ராகமை முகாமில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். பாதையை மூடிய யோசனையில், நடந்து வந்தவனைக் காப்பாற்றுவதைவிட நோய் நாட்டுக்குள் வராமல் காப்பதே முன்னால் நின்றது.

பிறகு 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றத்தார் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினார்கள். தொடங்கிய இடம் மாத்தளைப் பகுதித் தோட்டங்கள். கொக்கிப்புழு இரத்தத்தைக் குடித்துச் சோகையாக்கும், ஆள் வேலைக்கு உதவமாட்டான், அதனால் துரைமாருக்கும் அக்கறை. அவர்களுடைய முறை, ஒரு பகுதியை எடுத்து, படம் வரைந்து, குடியிருப்பவர் எல்லோரையும் பெயர்வாரியாகப் பதிந்து, ஒவ்வொருவரின் மலத்தையும் பரிசோதித்து, மருந்து கொடுத்து, திரும்பவும் பரிசோதிப்பது. நூறு வருடத்துக்கு முன்னாலேயே எங்கள் லயங்களைத் தேடிப்போய் எண்ணியிருக்கிறார்கள், இன்றைக்கு முடியாது என்கிறார்கள். ஆனால் அந்தக் கதையின் மற்றப் பக்கமும் இருக்கிறது. மருந்து கொடுத்தார்கள், கழிப்பறை கட்டவில்லை. கட்டும் செலவுக்குத் தோட்டத்துரைமார் பலர் பின்னடித்தார்கள். காலில் செருப்பில்லாமல் அதே மண்ணில் நடந்தவனுக்குப் புழு திரும்பவும் வந்தது. எங்களை எண்ணுவதற்கும் எங்களுக்குச் செய்வதற்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டு என்பதை நாங்கள் அப்போதே பார்த்துவிட்டோம்.

2017இல் மன்னாரில், அந்தப் பழைய பாதை தொடங்கிய அதே மன்னாரில், அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புது நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். இந்திய நகரங்களில் கிணற்றிலும் தாங்கியிலும் முட்டையிட்டு மலேரியா பரப்பும் இனம். மலேரியா போய்விட்டது என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது என்பதற்கு அதுவே போதும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாடு பட்டபாட்டை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பலர் அதில் சொந்தங்களை இழந்தவர்கள். மாத்தளையும் மண்சரிவு ஆபத்து வரைபடம் போடப்பட்ட மாவட்டம். ஆனால் எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவின் பெயரில் வருகிறது. அது எந்த லயத்தைச் சொல்கிறது என்று கேட்க எங்களுக்கு ஆள் இல்லை, பல இடங்களில் தமிழில் வந்து சேரும்போது மழை வந்து முடிந்துவிட்டது. வெள்ளம் வடிந்த பின் எலிக்காய்ச்சல் பயம் வந்தபோதும் அதே கதை.

கூரைக்கு வருகிறோம் என்று சொன்னோம். செய்மதிப் படத்தில் லயத்துக் கூரை நன்றாகவே தெரியும். நீளமாக, ஒன்றுக்கொன்று நேராக, மலைச்சரிவில் கோடு போட்ட மாதிரி. யாரிடமாவது கைத்தொலைபேசி இருந்தால் வரைபடத்தைத் திறந்து உங்கள் தோட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தகரம் காற்றில் பறக்காமல் இருக்க மேலே நாங்கள் டயரும் கல்லும் வைக்கிறோம். அந்த டயரில் மழைத்தண்ணீர் நின்று டெங்கு நுளம்பு வருகிறது. தண்ணீர் நாள் விட்டு நாள் வருவதால் பீப்பாயில் பிடித்து வைக்கிறோம், அதிலும் வருகிறது. இறப்பர் மலையில் சிரட்டையில், கொக்கோத் தோட்டத்தில் உடைத்துப் போட்ட கோதுகளில் வருகிறது. 2017இல் நாடு முழுவதும் 186,000க்கும் அதிகமானோருக்கு டெங்கு வந்தது, 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் இடத்தின் சொந்தக்காரரையும் குடியிருப்பவரையும் பொறுப்பாக்குகிறது. நடைமுறையில் தண்டப் பத்திரம் குடியிருப்பவர் கைக்குத்தான் வரும் என்று நாங்கள் பயப்படுகிறோம். டயர் ஏன் கூரைக்குப் போனது என்று யாரும் கேட்பதில்லை. கூரையைத் திருத்தினால் டயர் தானாக இறங்கும். எந்த லயத்தில் எத்தனை கூரை இப்படி, எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று ஒரே வரைபடத்தில் எங்கள் கையில் இருந்தால், அதைப் பேச்சுவார்த்தை மேசையில் வைக்கலாம். "குறை சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள்" என்று வாயடைக்க முடியாது.

இதில் ஆபத்தும் உண்டு, அதை மறைக்கமாட்டோம். எங்கள் குழுவுக்குள்ளேயே இதைப் பற்றி வாக்குவாதம் நடந்தது. ஒரு தோட்டத்தைச் சிவப்பாகக் காட்டினால், அந்தத் தோட்டத்துப் பிள்ளையைப் பாடசாலையில் தள்ளி உட்கார வைப்பார்கள், கடையில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள் என்று மூத்த தோழர் ஒருவர் சொன்னார். சரியான பயம். காசநோய் உள்ளவரின் காம்பராவை வரைபடத்தில் புள்ளி வைத்தால் அவர் மருந்தெடுக்கவே போகமாட்டார். ஆகவே நாங்கள் முடிவு செய்தது இது. நோயாளியின் பெயரும் நோயும் எங்கள் வரைபடத்தில் வராது, அது சுகாதார அதிகாரியின் பதிவேட்டில் இருக்கட்டும். எங்கள் வரைபடத்தில் லயம், காம்பரா இலக்கம், பீலி, கிணறு, கழிப்பறை, மாட்டுக் கொட்டில், கான், வயல் எல்லை, பிள்ளை மடுவம், டிஸ்பென்சரி மட்டும். நோய் வரும்போது, எங்கே போக வேண்டும் என்று அவர்கள் எங்களிடம் இலக்கம் கேட்கலாம்.

இலக்கம் எப்படிப் போடுவது? கொல்கத்தாவில் முகவரியே இல்லாத சேரி வீடுகளுக்கு ஒரு தொண்டு அமைப்பு இடக்குறி கொடுத்திருக்கிறது. கைத்தொலைபேசி வரைபடத்தில் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்தால் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறி வரும். பிளஸ் கோட் என்கிறார்கள். காசு இல்லை. ஏறக்குறைய 14 மீற்றருக்கு 14 மீற்றர் அளவுக்கு இடத்தைச் சொல்லும், லயத்தில் இந்தத் தொங்கலா அந்தத் தொங்கலா என்று பிரிக்க அது போதும். காம்பராவுக்கு நாங்களே பெயின்ட்டால் எண் போடலாம். தோட்டம், டிவிசன், லயம், காம்பரா, பிளஸ் கோட், கிராம உத்தியோகத்தர் பிரிவு, இவ்வளவையும் ஒரு சின்ன அட்டையில் எழுதி, கிளினிக் கொப்பியோடு சேர்த்து வைக்க வேண்டும். வைத்தியசாலையில் அட்மிட் பண்ணும்போது அந்த அட்டையைக் காட்டுங்கள். "தோட்டத்தின் பெயர் போதும்" என்று எழுதுபவர் சொன்னால், போதாது என்று மரியாதையாகச் சொல்லி முழுவதையும் எழுத வையுங்கள். கடிதம் ஆபீசுக்கு வந்து கிடந்து, இன்டர்வியூ முடிந்த பிறகு பிள்ளை கைக்குக் கிடைத்த கதை எத்தனை இருக்கிறது. அந்தக் கடிதத்துக்கும் இந்த இலக்கம் உதவும்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருக்கும் வைத்திய உதவியாளரும் நோயைப் பார்த்தால் அறிவிக்கக் கடமைப்பட்டவர். காய்ச்சல்காரரைப் பனடோலோடு அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது. இதைக் கம்பெனியோடு பேசும்போது எழுத்தில் கேட்கப் போகிறோம். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, தோட்டத்துக்குள் செலவு செய்ய முடியாது என்று சபைகள் சொல்ல இடமில்லை. லயப் பெயர்ப்பலகையும் பாதைப் பெயரும் அவர்களிடம் கேட்கலாம். சபை உறுப்பினர்கள் சிலர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள், அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறோம்.

இன்னொன்று. வரைபடம் போடும் வேலையைத் தலைவர்மார் மட்டும் செய்தால் பாதிதான் வரும். எந்தக் காம்பராவில் கைப்பிள்ளை, எந்த வீட்டுத் தண்ணீர்ப் பீப்பாய் மூடியில்லாமல் கிடக்கிறது, எந்தக் கழிப்பறை நிரம்பி ஆறு மாதம் ஆகிறது என்பதெல்லாம் தலைவிமாருக்குத்தான் தெரியும். எங்கள் குழு முதலில் ஒரு டிவிசனில் செய்து பார்த்தது. ஆண்கள் வரைந்த படத்தில் கோயில், கடை, ஸ்டோர், விளையாட்டு மைதானம் எல்லாம் சரியாக இருந்தது, தண்ணீர் எடுக்கும் இடம் ஒன்றுகூட இல்லை. கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா பென்சிலை வாங்கி நான்கு பீலியையும், மழைக்கு மட்டும் ஊறும் ஓர் ஊற்றையும் வரைந்தார். அந்த ஊற்றுக்குப் பக்கத்தில் மாட்டுக் கொட்டில்.

இந்த வேலைக்கு ஒரு நாள் பேர் போட்டுத்தர வேண்டும் என்று நிர்வாகங்களைக் கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை. வராவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குவோம். கதவுக்குப் பக்கத்து மேசையில் பெரிய தாளும் பென்சிலும் வைத்திருக்கிறோம், ஒரு டிவிசனுக்கு ஒரு தாள். போகும்போது எடுத்துக்கொண்டு, உங்கள் தோட்டத்தின் பெயரைப் பதிவுக் கொப்பியில் எழுதிவிட்டுப் போங்கள். வரைந்த தாள்களை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்து ஒன்றை எம்.ஓ.எச். காரியாலயத்தில் கொடுத்து, கிடைத்ததாகக் கையெழுத்து வாங்குவோம். இப்போது சம்பள விடயத்தைப் பேச மாவட்டச் செயலாளரை அழைக்கிறோம்.